உங்க போனுக்குள்ள இருக்கும் ‘கெர்னல்’ எங்கே பிறந்தது? டாம் கில்பர்னின் கதை

திருமயிலை ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிற்கிறீங்க. காதில் பாட்டு, திரையில் வாட்ஸ்அப், நடுவுல ஒரு யுபிஐ பேமென்ட். எதுவும் எதோடும் மோதுவதில்லை. காரணம், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல். பிராசஸரையும் மெமரியையும் ஆப்களுக்குப் பங்கு போட்டுத் தருவது அதுதான். இதன் முக்கியமான யோசனைகள் சில பிறந்தது சிலிக்கான் வேலியில் இல்லை, மான்செஸ்டரில். ஆமாம், கோவைக்குப் பட்டப்பெயர் தந்த அதே ஊர்!

யார் இவர்?

டாம் கில்பர்ன் 1921-ல் இங்கிலாந்தின் டியூஸ்பரியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆய்வுக்கூடத்தில் வேலை. போருக்குப் பின், அங்கே தன்னுடன் இருந்த ஃபிரெடி வில்லியம்ஸுடன் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் போனார். 1948 ஜூன் 21 அன்று, இவர்கள் உருவாக்கிய ‘பேபி’ கம்ப்யூட்டரில் கில்பர்ன் எழுதிய புரோகிராம் ஓடியது. மின்னணு மெமரியில் சேமித்த புரோகிராம் ஒன்று ஓடியது அதுவே முதல்முறை.

அட்லஸில் என்ன புதுசு?

அன்று வேகமான மெமரி விலை அதிகம், விலை குறைந்த டிரம் மெமரியோ மெதுவானது. எதை எங்கே வைப்பது என்று புரோகிராமரே கணக்குப் பார்க்கணும். 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கம்ப்யூட்டரில் கில்பர்ன் குழு இதை மாற்றியது.

நம்ம வீட்டு சமையல் மேடையை நினைச்சுக்கோங்க. இடம் கொஞ்சம்தான். இப்போ தேவையான பாத்திரம் மட்டும் மேடையில், மீதி பரணில். வேணும்போது ஒன்றை இறக்கி, இன்னொன்றை ஏற்றுவோம். அட்லஸும் மெமரியை 512 சொற்கள் கொண்ட ‘பக்கங்களாக’ப் பிரித்து, தானாகவே இறக்கி ஏற்றியது. இதுதான் வெர்ச்சுவல் மெமரி.

இதையெல்லாம் மேற்பார்வை பார்த்த மென்பொருளின் பெயர் ‘சூப்பர்வைசர்’. எழுதியது ஃபெரான்டி நிறுவனத்தின் டேவிட் ஹோவர்த் குழு. ஒரு புரோகிராம் டேப்புக்காகக் காத்திருந்தால், பிராசஸரை அடுத்ததுக்குக் கொடுத்துவிடும். இன்றைய கெர்னலின் முன்னோடி இது.

பெயர் ஏன் தெரியல?

அட்லஸின் முதல் மாடலில் தயாரானது மொத்தம் மூன்றே மூன்று. ஐபிஎம் தன் முக்கிய வரிசையான சிஸ்டம் 370-க்கு வெர்ச்சுவல் மெமரியை அறிவித்தது 1972-ல், பத்து வருஷம் கழித்து. ஆனால் மார்க்கெட் அவர்களிடம் இருந்தது. கண்டுபிடித்தவரைவிட விற்றவர் பெயர் நிலைத்தது.

கில்பர்ன் 1964-ல் பிரிட்டனின் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையைத் தொடங்கினார், 1981-ல் ஓய்வு பெற்றார். 2001 ஜனவரி 17 அன்று 79 வயதில் இறந்தார். ஐபோன் வந்தது 2007-ல், ஆண்ட்ராய்டு போன் 2008-ல். இரண்டையும் அவர் பார்க்கவில்லை. ஆனால் தேவையான பக்கத்தை மட்டும் மெமரிக்குக் கொண்டுவரும் அவரது முறை, இரண்டிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.