டீச்சர்களை உருவாக்கிய சிஸ்டர் சுப்புலட்சுமி



சுப்புலட்சுமி என்று சொன்னதும் எல்லாருக்கும் பாடகி எம்.எஸ். அம்மாதான் ஞாபகத்துக்கு வருவாங்க. நான் எழுதுவது அவரைப் பற்றி இல்லை. சிஸ்டர் சுப்புலட்சுமி என்று ஊரே கூப்பிட்ட இன்னொருவரைப் பற்றி. இன்று நம்ம பள்ளிக்கூடங்களில் இத்தனை பெண் டீச்சர்கள் இருக்காங்களே, அதற்கு வழி போட்டவர்களில் இவரும் ஒருவர்.

இவர் 1886 ஆகஸ்ட் 18 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். அப்பா பெயர் சுப்பிரமணிய ஐயர். 9 வயதில் நாலாம் வகுப்பு அரசுத் தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அவ்வளவு கெட்டிக்காரி! ஆனால் 11 வயதில் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துபோனார். 11 வயது என்றால் இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை. அந்த வயதில் விதவை!

அந்தக் காலத்தில் அவர்கள் குடும்பங்களில் விதவை என்றால் தலையை மொட்டை அடிப்பார்கள். நல்ல காரியம் எதற்கும் முன்னால் வரக்கூடாது. சாகிற வரைக்கும் வீட்டு மூலைதான். ஆனால் சுப்புலட்சுமியின் அப்பா மகளுக்கு மொட்டை அடிக்க விடவில்லை. மறுபடியும் படிக்க வைத்தார். சொந்தக்காரர்கள் ஏசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1911-ல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்திலேயே பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் இவர்தான்.

படித்து முடித்ததும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் அப்படிப் போகவில்லை. அப்போது ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஆண் வாத்தியார் பாடம் நடத்தினால் பெரிய பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். பெண் டீச்சர் வேண்டும். ஆனால் பெண்களைப் படிக்க அனுப்பினால்தானே பெண் டீச்சர் கிடைப்பாங்க? மரம் முந்தியா விதை முந்தியா என்கிற கதைதான்.

சுப்புலட்சுமியும், பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக இருந்த மிஸ் லிஞ்ச் என்பவரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன வயது விதவைகளைப் படிக்க வைத்து டீச்சர் ஆக்குவது! எந்தப் பெண்ணை ஊர் வேண்டாம் என்று ஒதுக்கியதோ, அவளையே ஊர்ப் பிள்ளைகளுக்கு டீச்சர் ஆக்குவது.

1912-ல் எழும்பூரில் 4 பெண்களோடு சாரதா இல்லம் ஆரம்பமானது. அவருடைய சித்தி வாலாம்பாளும் கூட இருந்து பார்த்துக்கொண்டார். அவரும் ஒரு விதவைதான். பிறகு பெண்கள் நிறைய சேர்ந்ததால் கடற்கரை எதிரில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறினார்கள். முன்பு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைத்திருந்த கட்டிடம் அது. இப்போது அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இல்லத்தில் பிராமணப் பெண்களை மட்டும்தான் சேர்த்தார்கள். அதைப் பலர் குறை சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். மற்ற சாதிகளிலும் படிக்க ஆசைப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்களே.

1922-ல் ஐஸ் ஹவுஸ் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. முதல் முதல்வர் நம்ம சிஸ்டர்தான். கல்லூரியோடு சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளியும் இருந்தது. அது எதற்கு? நீச்சலைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் வருமா? தண்ணீரில் இறங்க வேண்டும். அதே மாதிரி டீச்சர் ஆகப் போகிறவங்களும் உண்மையான பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்திப் பழக வேண்டும். பாடக்குறிப்பு எழுதி, படம் வரைந்து, கேள்வி கேட்டு, கடைசி பெஞ்சுக்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டும். இப்போதும் பி.எட். படிக்கிறவங்க இப்படித்தான் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் சிஸ்டர் சும்மா இருக்கவில்லை. 1954-ல் தாம்பரம் பக்கம் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல மையம் அமைக்க உதவினார். 1958-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969 டிசம்பர் 20 அன்று காலமானார். அவர் முதல்வராக இருந்த கல்லூரி இன்றும் சென்னை காமராஜர் சாலையில் கல்வியியல் கல்லூரியாக நடக்கிறது.

பயிற்சிக்கு வரும் அக்காக்கள் கை நடுங்கி, சாக்பீஸை உடைத்துவிட்டால் நாம் சிரிக்கிறோம். இனிமேல் சிரிக்க வேண்டாம். ஒரு பெண் கரும்பலகை முன்னால் நிற்பதற்கு எத்தனை பேர் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். படிப்பை நிறுத்தச் சொல்லும் வீடு இப்போதும் நம்ம ஊரில் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவளும் நாளைக்கு ஒரு டீச்சராக வரலாம்!

– 9-ம் வகுப்பு மாணவி