மைக் மூஸ் (1958 – 2000)

மாணவர்களே, அனுப்பிய தகவற்பொதி மறு கணினியை அடைந்ததா, வழியில் தொலைந்ததா என அறிய 'பிங்' கட்டளையை நீங்கள் பயன்படுத்தியிருக்கலாம். அதனை ஆக்கியவர் மைக் மூஸ். ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்த இவர், 1979 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியற் பட்டம் பெற்று, மேரிலண்டிலிருந்த இராணுவ ஆய்வுகூடமொன்றில் பணியாற்றினார்.

1983 டிசெம்பரில் அங்கு வலையமைப்பு சீராக இயங்கவில்லை. பிழை எங்கே? ஒரு கணினி எதிரொலி கேட்டால் மறு கணினி பொதியைத் திருப்பியனுப்ப வேண்டும் என்ற விதி, 1981 இலேயே ஐ.சீ.எம்.பி. என்னும் நடப்பொழுங்கில் இடம்பெற்றிருந்தது. மூஸ் அவ்விதியைக் கொண்டு ஒரே இரவில் செய்நிரலை எழுதி முடித்தார். சோனார் கருவியின் ஒலியே அதற்குப் பெயராயிற்று. ஆனால் அவர் முதற் பொதியை அனுப்புமுன்பே சக ஊழியர் ஒருவர் பிழையைத் திருத்திவிட்டார்! எண்ணிய வேலைக்குப் பயன்படாத அச்செய்நிரல் யுனிக்ஸ் கணினிகளின் வழியே உலகெங்கும் பரவிற்று.

அது தரும் புள்ளிவிபரத்தைக் கவனியுங்கள். நான்கு பொதிகளில் மூன்று திரும்பினால் இழப்பு 25%. சென்றுவரும் நேரம் மில்லிசெக்கனிற் காட்டப்படும். ஒன்றுமே திரும்பாவிடின் இணைப்பு அறுந்தது என அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். தீச்சுவர் தடுத்திருக்கவும் கூடும்.

முப்பரிமாண வடிவமைப்புக்கான பாரிய மென்பொருளொன்றுக்கும் மூஸ் பல்லாண்டு உழைத்தார். அதனை அறிந்தோர் சிலரே. 2000 நவெம்பர் 20 இல் மேரிலண்டில் நிகழ்ந்த வீதி விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 42.