அத்தியட்சர் அசரியா

ஏரலுக்குத் தெற்கே வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், கிராமச் சபைப் போதகர் ஒருவரின் குமாரராக 1874-ஆம் ஆண்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்று, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாய்த் தென்னாடெங்கும் சுற்றினார். யாழ்ப்பாணத் தமிழர் தம் சொந்தப் பொருளால் சுவிசேஷப் பணி நடத்துவதை நேரிற் கண்டவர், நம்மவர் என்றும் பிறர் கையை நோக்கியிருத்தல் தகாதெனத் துணிந்து, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்னின்றுழைத்தார்.

1910-இல் எடின்பரோவிற் கூடிய உலக மகாநாட்டில், மேனாட்டு மிஷனெரிமாரின் தியாகத்தை நன்றியோடு போற்றிய அவர், அவர்கள் இந்தியரோடு சிநேகிதராய்ப் பழகாத குறையையும் அஞ்சாது எடுத்துரைத்தார். சபையிற் சிலர் மனம் நொந்தனர். ஆயினும் 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்.

தோர்ணக்கல்லில் தெலுங்கு கற்று ஏழைகளிடையே வாழ்ந்தார். மாலரும் மாதிகரும் ஒரே பந்தியில் திருவிருந்து பெற வேண்டுமென உறுதியாய் நின்றார். பிறர் குறையை மட்டுமன்றி நம் குறையையும் கடிந்தமையாலன்றோ அவர் சொல் நிலைபெற்றது!

1919-இல் தரங்கம்பாடியில் அவர் தொடங்கிவைத்த சபை ஐக்கிய முயற்சி 1947 செப்டம்பர் 27-இல் நிறைவேறியது. அதைக் காணாமலே 1945 ஜனவரி முதல் நாளில் அவர் கண்மூடினார். விதைத்தவர் அறுவடை காணாவிடினும், அவ்விளைவை உண்ணும் நாம் அவரை மறத்தல் முறையன்று.