கம்பி மத்தாப்பு சுடுவது ஏன்? வெப்பக் கணக்கைத் தொடங்கிவைத்த ஜோசப் பிளாக்

சிவகாசிக் கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால், கையில் தெறிக்கும் பொறி பெரும்பாலும் சுருக்கென்று பட்டு அணைந்துவிடும். ஆனா, எரிஞ்சு முடிஞ்ச கம்பியைத் தெரியாம மிதிச்சா கால் கொப்புளிச்சிரும். இத்தனைக்கும் கம்பியைவிடப் பொறிதான் அதிக வெப்பநிலையில் இருக்கிறது. அப்புறம் ஏன் இப்படி? வெப்பநிலை வேற, வெப்பத்தின் அளவு வேற என்று முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜோசப் பிளாக்.

1728-ல் பிரான்ஸின் போர்தோ நகரில் பிறந்தவர். அப்பா ஒயின் வியாபாரி. பூர்வீகம் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். கிளாஸ்கோவில் மருத்துவம் படிக்கப் போனவரை, ஆசிரியர் வில்லியம் கல்லன் வேதியியல் பக்கம் இழுத்துவிட்டார். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் வாயுவை ஆராய்ந்து 1754-ல் பட்டம் வாங்கினார்.

1760 வாக்கில், கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்தபோது, பாதரசம் அவரை யோசிக்க வைத்தது. பாதரசம் தண்ணீரைவிட 13 மடங்குக்கு மேல் கனம். கனமான பொருளைச் சூடாக்க அதிக வெப்பம் வேண்டும் என்று அப்போது நம்பினார்கள். ஆனால் இரண்டையும் ஒரே கொள்ளளவு எடுத்து நெருப்பருகே வைத்தால், பாதரசம்தான் சீக்கிரம் சூடாகிறது. சோதனை பிறர் செய்தது. காரணம் பிளாக் கண்டது. ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை ஏற்கும் திறன் தனித்தனி. அதைத்தான் பள்ளிப் புத்தகம் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறது.

கணக்கு சுலபம்: நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்கணும். 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க 4.2 ஜூல் தேவை, இரும்புக்கு 0.45 போதும். 5 கிராம் கம்பி 530 டிகிரியிலிருந்து 30-க்கு ஆறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 × 0.45 × 500 = 1,125 ஜூல். அத்தனையும் பாதத்தில் இறங்கினா என்ன ஆகும்! பொறியும் இரும்புத்தூள்தான். ஆனா 0.01 மில்லிகிராம் எடையுள்ள தூள் 1,000 டிகிரி ஆறினாலும் கொடுப்பது 0.0045 ஜூல்தான். (அதுவே நைலான் துணியைப் பொத்துவிடும். பருத்தி உடுத்துங்க.)

கம்பியை 10 லிட்டர் தண்ணி வாளியில் போட்டால்? அந்தத் தண்ணீரை 1 டிகிரி உயர்த்தவே 42,000 ஜூல் வேண்டும். 1,125 ஜூலுக்கு 0.03 டிகிரிகூட ஏறாது. மத்தாப்பு கொளுத்தும் இடத்தில் வாளி வைக்கச் சொல்வது இதனால்தான்.

பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏறாமலே வெப்பம் உள்ளே போகிறது என்று கண்டதும் பிளாக்தான். இதையெல்லாம் வகுப்பில் சொன்னாரே தவிர, அச்சில் போடவில்லை. 1799-ல் எடின்பரோவில் சாப்பிட உட்கார்ந்தவர், மடியில் வைத்த பால் கோப்பை சிந்தாமலே இறந்துபோனார் என்பார்கள். அவருடைய பாடங்களை ஜான் ராபிசன் தொகுத்து 1803-ல் புத்தகமாக்கினார்.