லியு சோங்யுவான்

லியு சோங்யுவான் (773 - 819) சீனாவில் தாங் அரசமரபுக் காலத்தில் வாழ்ந்த கவிஞரும், உரைநடையாசிரியரும், அரச அலுவலரும் ஆவார். தாங், சொங் காலங்களின் எட்டுப் பெரும் உரைநடையாசிரியருள் ஒருவராக இவர் எண்ணப்படுகிறார். எனினும் பொதுவாசகர் பலரும் இவரை அறிவது, பனி மூடிய ஆற்றில் தனியே தூண்டிலிட்டிருக்கும் முதியவரைப் பற்றிய, இருபது எழுத்துகளே கொண்ட ஒரு சிறு கவிதையினால் ஆகும்.

இளமையும் அரசுப்பணியும்

இவர் தலைநகரான சாங்கானில் பிறந்தார். 793 ஆம் ஆண்டில் அரசுப்பணிக்கான உயர் தேர்வில் தேறினார். அதே ஆண்டில் தேறிய கவிஞர் லியு யூசி இவருக்கு வாழ்நாள் நண்பரானார்.

805 இல் சுன்சோங் பேரரசரானபோது, வாங் சூவென் என்பாரின் தலைமையில் ஒரு குழுவினர் அரண்மனை அண்ணகர்களின் அதிகாரத்தைக் குறைக்க முயன்றனர். லியுவும் அக்குழுவில் முக்கிய இடம் வகித்தார். பேரரசரோ வாத நோயினால் முன்னரே பேச்சிழந்திருந்தார். சில மாதங்களிலேயே அவர் முடிதுறக்க, சீர்திருத்தமும் முடிந்துபோனது. குழுவைச் சேர்ந்த எண்மர் பெயரளவிலான பதவிகளுடன் தொலைதூர மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். லியுவுக்குக் கிடைத்தது இன்றைய ஹுனான் மாகாணத்தின் தென்பகுதியிலுள்ள யோங்சௌ.

யோங்சௌவில் பத்து ஆண்டுகள்

அங்கு இவருக்கு வீடு இல்லை. ஒரு பௌத்த மடத்தில் தங்கினார். உடன் வந்த தாயார் 806 இல் அங்கேயே இறந்தார். மனைவி அதற்கு முன்பே, 799 இல், மறைந்திருந்தார். வேலை ஏதும் இல்லாத அலுவலராகச் சுற்றியுள்ள குன்றுகளிலும் ஓடைகளிலும் அலைந்தார். இவ்வலைச்சலின் பயனாக உருவான எட்டு நிலக்காட்சிக் குறிப்புகள் சீன உரைநடையில் ஒரு தனி வகைக்கே முன்மாதிரியாயின. அவற்றுள் ஒன்றில், எவரும் வாங்க முன்வராத ஓர் அழகிய சிறு குன்றைத் தாம் நானூறு காசுக்கு வாங்கியதை எழுதுகிறார். விலைபோகாத அக்குன்று யாரைக் குறிக்கிறது என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆற்றுப்பனிக் கவிதை

புகழ்பெற்ற இக்கவிதை யோங்சௌ காலத்தது என்பது பொதுவான கருத்து. நான்கு அடிகள், அடிக்கு ஐந்து எழுத்துகள். முதலிரு அடிகளில் பறவையற்ற மலைத்தொடர்களும் ஆள் நடமாட்டமற்ற வழிகளும் விரிகின்றன. பின்னிரு அடிகளில் பார்வை சட்டெனக் குறுகி ஒரு படகிலும், புல்லால் பின்னிய மழையாடை அணிந்த முதியவரிடத்தும் வந்து நிற்கிறது. பேரெண்ணிக்கைச் சொற்களால் முன்பாதியும் தனிமைச் சொற்களால் பின்பாதியும் தொடங்குவது கவனிக்கத்தக்கது. பனி என்ற சொல் கடைசி எழுத்தாகவே வருகிறது. அதுவரை கண்ட வெறுமைக்கெல்லாம் காரணம் அப்போதுதான் விளங்குகிறது.

யோங்சௌ பகுதியில் கடும்பனி அரிது. அங்கு வந்த இரண்டாம் ஆண்டின் குளிர்காலத்தில் பெரும்பனி பெய்தபோது, அதுவரை பனியைக் கண்டிராத தென்னாட்டு நாய்கள் நாட்கணக்கில் குரைத்துக்கொண்டு ஓடியதை இவர் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். கவிதையை அக்குளிர்காலத்துடன் தொடர்புபடுத்துவோரும் உள்ளனர். தமிழ் வாசகருக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ்நாட்டில் பனி என்று பெரும்பாலும் காணக்கூடுவது நீலகிரியின் உறைபனி போன்றதே. டிசம்பர், சனவரி விடியல்களில் உதகமண்டலத்துப் புல்வெளிகளை வெளுக்கச் செய்து, தேயிலைக் கொழுந்தைக் கருக்கி, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். அது காற்றிலுள்ள ஈரம் உறைந்து படிவது. இக்கவிதையிலுள்ளதோ வானிலிருந்து விழுந்து வழிகளையே அழித்துவிடும் பனி.

சங்க இலக்கியத்து நெய்தல் நிலத்தில் பரதவர் குடியாக வாழ்கின்றனர். வலையும், உப்பும், உணங்கும் மீனும் அங்குண்டு. லியுவின் முதியவருக்கு ஊரும் இல்லை, மீன் கிடைத்ததா என்ற செய்தியும் இல்லை. சீன மரபில் செம்படவர் என்பவர் பதவியை விட்டு விலகி நிற்பவரின் உருவகம். அம்மரபு சூ யுவான் பெயரால் வழங்கும் பழம்பாடல்கள் வரை செல்கிறது. எனவே இதனை மீனவர் வாழ்க்கைச் சித்திரமாகக் கொள்வதைவிட, தண்டிக்கப்பட்டும் பணியாத ஒருவரின் தன்னுருவமாகக் கொள்வதே பொருந்தும். உழைப்பவரின் உண்மைத் துயரை இவர் வேறிடத்தில் எழுதினார்: வரிக்கு ஈடாக நச்சுப்பாம்பு பிடித்துத் தரும் ஒருவர், வரி செலுத்துவதைவிடப் பாம்பே மேல் என்று கருதுவதைக் கூறும் உரைநடை அது.

செம்படவரைப் பற்றிய இவரது மற்றொரு கவிதை ஆறு அடிகளால் ஆனது. அதன் கடைசி இரண்டு அடிகள் தேவையில்லை என்று சொங் காலக் கவிஞர் சு டோங்போ கருத, அன்று தொடங்கிய விவாதம் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

லியுசௌவும் இறுதிக்காலமும்

815 இல் தலைநகருக்கு அழைக்கப்பட்ட இவர், உடனேயே இன்னும் தெற்கிலுள்ள லியுசௌவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். லியு யூசிக்கு அதனினும் கொடிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நண்பரின் முதிய தாயாரை எண்ணி, இடத்தை மாற்றிக்கொள்ள இவர் முன்வந்தார். முடிவில் லியு யூசிக்கு வேறு இடம் தரப்பட்டது. லியுசௌவில் கடனுக்கு அடகு வைக்கப்பட்டு அடிமைகளானோரை மீட்க வழி செய்தார், கிணறுகள் தோண்டுவித்தார், இருநூறு ஆரஞ்சு மரங்கள் நட்டார். 819 இல் அங்கேயே காலமானார்.

இவரது எழுத்துகளை லியு யூசி தொகுத்தார். கல்லறை வாசகத்தை ஹான் யூ எழுதினார். லியுசௌ மக்கள் இவருக்கு எழுப்பிய கோயிலில், ஹான் யூ இயற்றிய வழிபாட்டுப் பாடல் சு டோங்போவின் கையெழுத்தில் பொறிக்கப்பட்ட கல் உள்ளது.