இடிந்த நகரத்தைப் பட்டம் விட்டுப் படம்பிடித்த ஜோர்ஜ் லோறன்ஸ்

1906 ஏப்ரல் 18 அதிகாலை சன் பிரான்சிஸ்கோ நகரம் ஒரு நிமிட அளவே குலுங்கியது. ஆனால் பூமிக்கடியில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால், அதன்பின் பரவிய தீயை மூன்று நாட்களாக யாராலும் அடக்க முடியவில்லை. சுமார் 28,000 கட்டடங்கள் அழிந்தன. 4 இலட்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்து, பூங்காக்களில் கூடாரம் அடித்து இருந்தார்கள். சில வாரங்களில் சிக்காகோவிலிருந்து ஒரு புகைப்படக்காரர் பட்டங்களோடு அங்கே வந்து சேர்ந்தார். அவர்தான் ஜோர்ஜ் ஆர். லோறன்ஸ்.

1860களின் பிற்பகுதியில் இலினோய் மாநிலத்தில் பிறந்த லோறன்ஸ், கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இளவயதில் சிக்காகோவுக்குப் போய் வண்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு ஆட்களின் உருவப்படம் எடுக்கும் கடை திறந்தார். மற்றவர்கள் முடியாது என்று கைவிட்ட படங்களை எடுத்துக் கொடுப்பதே தன் தொழில் என்று விளம்பரம் செய்துகொண்டவர் அவர். அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. 1900இல் ஒரு இரயில் கொம்பனி தன் புதிய இரயிலை முழு நீளத்துக்கும் ஒரே படத்தில் காட்டும்படி கேட்டபோது, 600 கிலோவுக்கு மேல் எடையுள்ள கமரா ஒன்றைச் செய்தார். அதை இயக்க 15 பேர் தேவைப்பட்டார்கள். கண்ணாடித் தகட்டில் படிந்த தூசியைத் துடைக்க ஒரு ஆள் கமராவுக்குள்ளேயே இறங்க வேண்டியிருந்தது!

உயரத்திலிருந்து படம் எடுக்கும் ஆசை அவருக்கு அப்போதே இருந்தது. முதலில் உயரமான ஏணிகளைப் பயன்படுத்தினார், பிறகு பலூனில் ஏறினார். 1901இல் அவர் நின்ற கூடை பலூனிலிருந்து அறுந்து, 200 அடிக்கு மேலிருந்து விழுந்தார். இடையில் இருந்த தொலைபேசிக் கம்பிகள் தாங்கியதால் பெரிய காயமின்றித் தப்பினார். அதற்குப்பின் தான் மேலே போவதை விட்டுவிட்டு, கமராவை மட்டும் அனுப்ப முடிவெடுத்தார்.

பட்டம் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் இது விளையாட்டு அல்ல. ஒரே உருக்குக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக 17 பட்டங்கள் ஏறின. அவை சேர்ந்து இழுத்த பலத்தில் 22 கிலோ எடையுள்ள கமரா 2,000 அடி உயரத்துக்குப் போனது. காற்றில் அது சுழலாமல் இருக்க மூன்று நீண்ட கழிகளைப் பூட்டி, அவற்றின் முனைகளிலிருந்து நூல்களை இறக்கி, கீழே ஈயக்குண்டு கட்டியிருந்தார். தரையிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் அனுப்பியதும் படம் பதிவாகும். உடனே சிறிய பரசூட் ஒன்று விழும். அதைக் கண்டபின் பட்டங்களை இழுத்து இறக்குவார்கள்.

வளைகுடாவின் மேலிருந்து எடுத்த அந்தப் படம் ஏறத்தாழ 4 அடி நீளம். ஒரு பிரதி 125 டொலருக்கு விற்றது. அவருக்கு 15,000 டொலராவது வருமானம் கிடைத்ததாகச் சொல்வார்கள். அடுத்தவர் அழிவில் காசு பார்த்தார் என்று குறை சொல்லலாம். சொல்பவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வானத்திலிருந்து ஒரு ஊரைப் பார்ப்பது என்றாலே எங்களுக்கு நினைவு வருவது வேறு. ஆனாலும் அந்தப் படம் இருந்தது நல்லதுதான். நகரத்தை மீளக்கட்ட முதலீடு தேடிய பெரியவர்கள் நிலநடுக்கம் என்ற சொல்லையே தவிர்த்து, அதைத் தீவிபத்து என்றார்கள். இறந்தவர்கள் 500 பேர் கூட இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, நகர நூலகத்தில் பணியாற்றிய கிளாடிஸ் ஹேன்சன் பெயர் பெயராகத் தேடிச் சேர்த்தபோதுதான் அந்தக் கணக்கு உடைந்தது. இன்று 3,000 பேர் அளவில் என்கிறார்கள். சீனர் குடியிருப்பில் மடிந்தவர்களை முதலில் எவரும் ஒழுங்காக எண்ணவேயில்லை.

லோறன்ஸ் பிறகு ஆபிரிக்காவுக்குப் போய் வனவிலங்குகளைப் படம் பிடித்தார், விமானம் கட்டுவதிலும் இறங்கினார். விமானத் தொழில் கைகொடுக்கவில்லை. 1938இல் இறந்தார்.

அவருடைய படம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கடலோரத்தில் படகுத்துறைக் கட்டடத்தின் கோபுரம் தப்பி நிற்பது தெரியும். அதன் முன்னாலிருந்து மார்க்கெட் வீதி நேர்கோடாக ஓடுகிறது. இருபுறமும் கூரையில்லாத சுவர்கள், தெருத்தெருவாக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை.