சுரேந்திரநாதரும் ஜூரியில்லா விசாரணையும்

நிந்திக்கப்பட்டவரே நீதிபதியாகவும் அமர்ந்து தண்டனை விதிப்பது தர்மமாகுமா? இக்கேள்வியைத் தமது சிறைவாசத்தால் பாரத மக்கள் முன் நிறுத்தியவர் வங்கத்துப் பெரியார் சுரேந்திரநாத் பானர்ஜி.

1848-ஆம் வருஷம் நவம்பர் 10-ந் தேதி கல்கத்தாவில் ஒரு வைத்தியரின் குமாரராகப் பிறந்த அவர், சீமைக்குச் சென்று 1869-இல் ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறினார். ஸில்ஹெட்டில் உத்தியோகத்திலிருந்தபோது, சிறு பிழையொன்று பெருங் குற்றமாக்கப்பட்டு 1874-இல் விலக்கப்பட்டார். சர்க்கார் ஓர் உத்தியோகஸ்தரை இழந்தது. தேசம் ஒரு தலைவரைப் பெற்றது. ஆசிரியராக அமர்ந்து வாலிபர் உள்ளத்தில் தேசாபிமானத்தை வளர்த்தார். 1876-இல் இந்திய சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். 1879 முதல் ‘பெங்காலி’ பத்திரிகையை நடத்தலானார்.

1883-இல் ஹைகோர்ட் நீதிபதி நாரிஸ், ஒரு வழக்கில் சாளக்கிராமத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் செய்தார் என்ற செய்தி வேறொரு பத்திரிகையில் வெளிவந்தது. அதை நம்பிய சுரேந்திரநாதர், ஏப்ரல் 28-ந் தேதி இதழில் அந்நீதிபதியைக் கடுமையாகக் கண்டித்தார். கோர்ட்டு அவமதிப்பு வழக்கு எழுந்தது. செய்தியில் பிழையிருந்ததை அறிந்து அவர் மன்னிப்புக் கோரினார். ஆயினும் பயனில்லை. பிரதம நீதிபதி கார்த் உள்ளிட்ட ஐவர் விசாரித்தனர். அவ்வைவரில் நாரிஸும் ஒருவர்! ஜூரி கிடையாது. அபராதமே போதுமென்று ரமேச சந்திர மித்திரர் ஒருவர் மட்டும் மாறுபட்டார். மே 5-ந் தேதி இரண்டு மாதச் சிறைவாசம் விதிக்கப்பட்டது.

அதே காலத்தில்தான் இல்பர்ட் மசோதாவை எதிர்த்து வெள்ளையர் கூக்குரலிட்டனர். அதன் பயனாக, ஜில்லா மாஜிஸ்டிரேட்டின் முன்னும் பாதிப் பேராவது ஐரோப்பியரோ அமெரிக்கரோ ஆன ஜூரியைக் கேட்கும் உரிமை 1884-இல் அவர்களுக்குக் கிடைத்தது. இந்தியப் பத்திராதிபருக்கோ ஒரு ஜூரரும் இல்லை. இந்த அநீதியை ஜனங்கள் உணராதிருப்பரோ?

மாணவர் கொதித்தெழுந்தனர், பல ஊர்களில் கண்டனக் கூட்டங்கள் கூடின. பிரிவி கௌன்சிலோ ஹைகோர்ட்டின் அதிகாரத்தையே உறுதி செய்தது. ஜூலை 4-ந் தேதி விடுதலையான சுரேந்திரநாதர், அவ்வருஷம் டிசம்பரிலேயே கல்கத்தாவில் தேசிய மகாநாட்டைக் கூட்டினார். 1895-இல் பூனாவிலும் 1902-இல் ஆமதாபாத்திலும் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார்; வங்கப் பிரிவினையை எதிர்த்துப் போராடினார். பிற்காலத்தில் மந்திரிப் பதவி ஏற்றதால் ஜனங்களின் அபிமானத்தைப் பெரிதும் இழந்து, 1925 ஆகஸ்ட் 6-ந் தேதி காலமானார்.

ஜூரி எப்போதும் நீதியே வழங்கும் என்பதன்று. 1908-இல் திலகரை ஆறு வருஷம் நாடு கடத்த வழி செய்ததும் ஒரு ஜூரியே. ஒன்பதின்மரில் எழுவர் ஐரோப்பியராயிருந்தனர். ஆயினும் நிந்தை பெற்றவரே நீதி சொல்லுவதற்கு அது ஒரு தடையாகும். அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடுந் தண்டனைக்குரிய அவமதிப்பு வழக்குகளில் ஜூரி கேட்கும் உரிமையை 1968-இல் ஒப்புக்கொண்டது. நமது 1971-ஆம் வருஷச் சட்டம் தண்டனையை ஆறு மாதத்துக்குள் அடக்கியிருக்கிறது, கோர்ட்டின் முன்னிலையில் நேர்ந்த அவமதிப்பை வேறு நீதிபதி விசாரிக்கும்படி கேட்கவும் இடந்தருகிறது, ஜூரியைத் தரவில்லை.

நீதிஸ்தலத்தின் மாண்பு காக்கப்பட வேண்டியதே. ஆனால் அம்மாண்பு அச்சத்தில் நிற்பதன்று. ஜனங்களின் நம்பிக்கையில் நிற்பது. சுரேந்திரநாதரின் சிறைவாசம் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.